பாழ்மனைக்கும் பெயர் உண்டு

அண்மைக் காலமாக நம் மலைநாட்டுக்குப் புதுவகை யாத்திரிகர் சிலர் வரத் தொடங்கியுள்ளனர். இவர்கள் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் அல்லர்; டெவோன் அருவியையும் சென்கிளயர் அருவியையும் கண்டு களிக்க வருவோரும் அல்லர். கொட்டகலையிலோ அட்டனிலோ புகையிரதத்தை விட்டிறங்கி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு புகைப்படக் கருவியுமாகத் தேயிலை மலைகளுக்கிடையே ஏறிச் செல்லும் இவ்விளைஞர் தேடுவன, மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகளும், கூரை சரிந்த துரைமார் பங்களாக்களும், ஆளற்ற லயங்களுமே. உலகின் பெருநகரங்களில் மூடிய ஆலைகளையும் கைவிடப்பட்ட மருத்துவமனைகளையும் தேடிச் சென்று படம் பிடிக்கும் வழக்கம் பல்லாண்டாக உண்டு. அவ்வழக்கம் இப்பொழுது நம் மலைகளிலும் ஏறியிருக்கின்றது.

இவர்களைக் கண்டு தோட்டத்துப் பெரியோர் சிலர் நகைக்கின்றனர். இடிந்த சுவரில் என்ன இருக்கின்றது என்பது அவர்தம் வினா. வேறு சிலர் சினக்கின்றனர். நம் வறுமையைப் படமாக்கி ஊருக்குக் காட்டுகின்றனர் என்பது அவர்தம் குறை. நகைப்போர் கூற்றிலும் சினப்போர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இம்முயற்சி முற்றாக விலக்கத் தக்கதன்று என்பதும், செய்யும் முறையிற் செய்யப்படுமாயின் நம் மக்களுக்கு இதுவே பெருந்துணையாகும் என்பதும் நமது துணிபு. அதற்குரிய காரணங்களை இங்கே ஆராய்வோம்.

பாழ்பட்டதைப் பாடுதல் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் செழிப்பை விரித்துரைத்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அதே பட்டினப்பாலையிற் கரிகாலனாற் பாழ்பட்ட பகைவர் ஊர்களையும் நம் கண்முன் நிறுத்தினார். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு நீங்கிய கபிலர், பறம்பு மலையை நினைந்து நினைந்து பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இத்தகைய பாடல்களுக்குக் கையறுநிலை எனத் துறைப்பெயர் வகுத்தனர் நம் முன்னோர். இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. கபிலர் ஏதோவொரு மலையை நினைந்து கண்ணீர் விடவில்லை. பறம்பு என்று பெயர் சொன்னார். அதன் தலைவன் பாரி என்று சொன்னார். அம்மலையில் விளைந்தது யாது, அதனை முற்றுகையிட்டவர் யாவர் என்றும் சொன்னார். ஆதலினாலன்றோ இத்துணை நூற்றாண்டு கழிந்தும் அம்மலை நம் நெஞ்சில் நிற்கின்றது! பெயரை நீக்கிவிட்டுப் பாடியிருப்பின் அப்பாடல்கள் அழகிய மலை வருணனைகளாய் எஞ்சியிருக்கும், கையறுநிலை ஆகியிரா.

நம் இளைஞர் எடுக்கும் படங்களிற் பலவற்றில் இல்லாதது இப்பெயரே. படம் நன்றாக இருக்கின்றது. மஞ்சு கவிந்த மலைச்சாரல், துருவேறிய தகரம், உடைந்த கண்ணாடிச் சாளரத்தின் ஊடாக உள்நுழையும் காலைக்கதிர், சுவர் வெடிப்பில் வேரூன்றிய அரசங்கன்று. இவற்றைக் காண்போர் மயங்குகின்றனர். ஆனால் அது எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் அங்கே இருந்தனர், எப்பொழுது நீங்கினர் என்று கேட்பின் விடையில்லை. மலைநாட்டிற் கைவிடப்பட்ட ஒரு கட்டடம் என்னும் ஒற்றை வரியோடு படம் உலகைச் சுற்றி வருகின்றது.

இஃது எத்துணைப் பெரிய குறை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பத்துக் காம்பிராக்களைக் கொண்ட லயம் ஒன்று கூரையிழந்து கிடக்கின்றது என்று கொள்வோம். இஸ்தோப்பு இடிந்திருக்கின்றது. அடுப்பு இருந்த இடத்துச் சுவர் மட்டும் இன்னும் கரிபடிந்து நிற்கின்றது. விளக்கு வைத்த மாடக்குழி தெரிகின்றது. இந்த லயம் ஏன் வெறுமையாயிற்று?

1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கப்படவும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படவும் இருந்தன. அவ்வாறு கப்பலேறிய குடும்பங்கள் விட்டுச்சென்ற லயமாக இஃது இருக்கலாம். 1977-ஆம் ஆண்டிலும் 1983-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய மக்களின் லயமாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்மலை சரிந்து லயங்களைப் புதைத்ததே, அத்தகைய மண்சரிவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டதாக இருக்கலாம். அல்லது அங்கிருந்தோர் தனி வீடு கட்டிக் குடியேறிவிட்டதால், மகிழ்ச்சியோடு பூட்டப்பட்ட லயமாகவும் இருக்கலாம்.

நான்கு வரலாறுகள், நான்கிற்கும் படம் ஒன்றே. முதலாவது நாடு கடந்த துயரம்; இரண்டாவது அநீதி; மூன்றாவது இயற்கையின் சீற்றமும் மனிதரின் அசட்டையும்; நான்காவது நாம் கொண்டாட வேண்டிய விடுதலை. இடிந்த சுவர் இவற்றுள் எதையும் தானாகச் சொல்லாது. அழுவதா, சினப்பதா, மகிழ்வதா என்று காண்போன் அறியும் வழி, படத்தின் கீழ் எழுதப்படும் பெயரும் ஆண்டும் காரணமுமே. அவை இல்லாதவிடத்து நான்கு வரலாறுகளும் ஒன்றாகக் கலந்து வெறும் அழகாகிவிடுகின்றன. ஒரு மக்களின் துன்பம் அவர்தம் பெயர் நீங்கி அழகு மட்டுமாய் எஞ்சுவதைக் காட்டிலும் பெரிய இழப்பு யாதுளது?

தொழிற்சாலைகளின் நிலையும் இத்தகையதே. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று வழங்கும் அப்பெருங்கட்டடம் ஏன் மூன்று நான்கு மாடிகளாக உயர்ந்து, சுவரெல்லாம் சாளரமாக நிற்கின்றது என்று படம் பிடிப்போரிற் பலர் கேட்பதில்லை. பறித்த கொழுந்தை மேல்மாடியிற் சாக்குத் தட்டுகளிற் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுவதற்காகவே அவ்வாறு கட்டினர். வாடிய கொழுந்து கீழே இறங்கி உருட்டும் இயந்திரத்திற் புகும். பின்னர்ப் புளிக்க வைக்கப்பட்டு, வெப்பக் காற்றில் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்டுப் பெட்டியில் அடையும். பிற்காலத்தில், விசிறியாற் காற்றுச் செலுத்தும் நீண்ட தொட்டிகள் வந்தபின் அத்துணை மாடிகள் வேண்டாவாயின. வீதிகள் திருந்தி லொறிகள் பெருகியபின் இரண்டு மூன்று தோட்டங்களின் கொழுந்தை ஒரே ஸ்டோருக்கு ஏற்றிச் செல்வது இலாபமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், 1975-இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992-இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றதும் தோட்டங்களைப் பிரித்தும் சேர்த்தும் மாற்றியமைத்தன. இவ்வாறு மூடப்பட்ட ஒவ்வொரு ஸ்டோரும் தன் பக்கத்து லயங்களின் வேலையையும், சங்கொலியால் நாளைப் பகுத்த வாழ்க்கையையும் உடன்கொண்டு சென்றது.

அவற்றுட் சில நற்பேறு பெற்றன. கண்டி ஹந்தானையில் 1925-இற் கட்டப்பட்ட ஸ்டோர் 2001 முதல் இலங்கைத் தேயிலை அரும்பொருளகமாக விளங்குகின்றது. கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் ஸ்டோர் 1990-களில் உல்லாச விடுதியாயிற்று. பழைய இயந்திரங்களும் மரத்தளங்களும் அங்கே பேணப்படுகின்றன. இவை பாராட்டற்குரியன. எனினும் இயந்திரத்தைப் பேணினோம். அதனை இயக்கிய கையின் பெயரைப் பேணினோமா? உருட்டும் இயந்திரத்தை வார்த்த ஆங்கிலக் கம்பனியின் பெயர் இரும்பிலே பொறிக்கப்பட்டு இன்றும் தெளிவாக இருக்கின்றது. அதன் அருகே இரவு பகலாக நின்றவனின் பெயரை எழுதிவைத்தார் அரியர். படத்திற்கும் இயந்திரத்திற்கும் உள்ள குறை ஒன்றே என்பது இதனாற் பெறப்படும்.

கொட்டகலையிலிருந்து அட்டன், டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா செல்வோர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் காண்பர். மின்சாரத்திற்காக அவ்வணை 1969-இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரின் கீழாயிற்று. மக்கள் மேட்டிலே புதிய நகரமைத்துக் கொண்டனர். கடுங்கோடையில் நீர் வற்றும்பொழுது, பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைதூக்குகின்றன. அப்பொழுது அங்கே பெருங்கூட்டம் கூடுகின்றது. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி. எல்லாரும் படம் எடுக்கின்றனர். நீர் திரும்ப வந்ததும் கூட்டம் கலைகின்றது. அந்நகரின் கடைத்தெரு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எவரெவர் கடை வைத்திருந்தனர், தேர் எவ்வழி ஓடிற்று என்று கேட்டு எழுத வேண்டிய காலம் அந்தச் சில வாரங்களே. நகரம் மூழ்கியபோது இருபது அகவையினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அடுத்த கோடையிற் கோயில் மீண்டும் தோன்றும். அதன் கதையைச் சொல்வோர் இருப்பரோ என்பதே ஐயம்.

நம் மக்களின் வரலாற்றிற் பாழ்பட்ட இடங்கள் மலையில் மட்டும் அமையவில்லை. கடற்கரையிலும் உள. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. மண்டபம் முகாமிற் காத்திருந்து, அவ்வழியே கடல் கடந்து மலையேறியோர் மிகப் பலர். 1964 டிசம்பரிற் பெரும்புயல் வீசித் தனுஷ்கோடியை அழித்தது. சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகி அப்பொழுது இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. ஆகவே வந்தபோது கப்பலேறிய துறையைத் திரும்பியபோது அவர்கள் காணவில்லை, இராமேசுவரத்திலேயே கரையேறினர். தலைமன்னார்க் கப்பலும் 1984-இல் நின்றது. இன்று தனுஷ்கோடியின் இடிந்த புகையிரத நிலையத்தையும் தேவாலயத்தையும் படமெடுக்க நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர். புயலைப் பற்றி அவர்கள் அறிவர். அத்துறை வழியே போய், இலங்கையின் மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய மக்களைப் பற்றி அறிந்தோர் அவர்களுள் மிகச் சிலரே.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய் அன்றோ, பெயரும் ஆண்டும் கறிக்கு உதவுமோ என்று கேட்பார் உளராயின், அவர் நம் மக்களின் குடியுரிமை வரலாற்றை ஒருமுறை நினைத்தல் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று வினவிற்று. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1-ஆம் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை மெய்ப்பிக்குமாறு கேட்டது. ஓர் இலயத்திலே பிறந்து, அதே இலயத்திலே மணந்து, அதே இலயத்திலே பிள்ளை பெற்றவன், தான் இங்கே இருந்தேன் என்பதற்குக் கடதாசி தேடி அலைந்தான். தோட்டத்துச் செக்றோல் துரையின் கந்தோரில் இருந்தது. அவன் கையிற் சான்று இருக்கவில்லை. நாடற்றோர் என்ற பெயரோடு பல்லாயிரம் குடும்பங்கள் பல்லாண்டு காத்திருந்தன. அப்பெயரை முற்றாக நீக்க வழிசெய்த சட்டம் 2003-இலேதான் வந்தது. இங்கே வாழ்ந்தோம் என்பதைக் காட்டும் சான்று, ஓய்வுநேரக் கலையார்வத்தின் பாற்பட்டதொன்றன்று. அதனை இழந்தமையால் நேர்ந்த துன்பத்தை இரண்டு தலைமுறை அநுபவித்திருக்கின்றது.

காணியுறுதி இல்லாத மக்களுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. அவர்கள் வாழ்ந்த சுவரே அவர்தம் கல்வெட்டு. அச்சுவர்களையோ சட்டம் காப்பதில்லை. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னம் என இயல்பாகக் கொள்கின்றது. பிற்பட்டவை காவல் பெறவேண்டின் அரசு தனியே வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்தல் வேண்டும். அத்திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான நாள். கோப்பித் தோட்டங்களுக்கென நம் முன்னோர் வரத் தொடங்கியதோ 1820-களில். எனவே இம்மலைகளில் அவர்கள் எழுப்பிய சுவர் ஒவ்வொன்றும் அவ்வெல்லைக்கு அப்பாலே நிற்கின்றது. ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையில், அவர் வாழ்ந்த இடத்தின் எச்சங்களைப் பயணிகள் தேடிச்சென்று காண்கின்றனர். அங்கே அவருடன் காடழித்தோரின் குடில்கள் எங்கே இருந்தன என்று வினவுவார் அரியர்.

இனி, பிறநாட்டார் இத்துறையில் என்ன செய்தனர் என்பதையும் நோக்குவோம். ஜெர்மனியிற் பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் தம்பதியர் 1959 முதற் பல்லாண்டு உழைத்து, மூடப்பட்டும் மூடப்படும் தறுவாயிலும் இருந்த சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் நீர்த்தாங்கிகளையும் படமெடுத்தனர். மேகமூட்டமான நாளில், நேர்முகமாக, அலங்காரம் ஏதுமின்றி எடுத்த படங்கள் அவை. ஒவ்வொன்றின் கீழும் இன்ன கட்டடம், இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று மட்டும் எழுதினர். அக்கட்டடங்களுட் பல பின்னர் இடிக்கப்பட்டன. இன்று அப்படங்களே சான்று. அழகைத் தேடாமல் உண்மையைத் தேடியோருக்கு அழகும் உடன் கிட்டிற்று என்பதற்கு இவர்கள் எடுத்துக்காட்டு.

யப்பானில் நடந்ததோ இதற்கு மறுதலை. நாகசாக்கிக்கு அண்மையிலுள்ள ஹஷிமா என்னும் சிறுதீவில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இருந்தது. 1974-இல் அது மூடப்பட்டதும் தீவே வெறுமையாயிற்று. அடுக்கடுக்கான பாழ்மாடங்களைப் படமெடுக்க உலகெங்குமிருந்து மக்கள் சென்றனர். 2015-இல் அஃது உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் போர்க்காலத்திற் கொரியாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு அச்சுரங்கத்தில் உழைத்தோரின் கதை அங்கே உரியவாறு சொல்லப்படவில்லை என்று கொரிய மக்கள் முறையிட்டனர். 2021-இல் உலக மரபுரிமைக் குழுவே இக்குறையைச் சுட்டி வருத்தம் தெரிவித்தது. கட்டடத்திற்குப் புகழும் உழைத்தவனுக்கு மௌனமும் கிடைத்த கதை இது. நம் ஸ்டோர்களுக்கும் பங்களாக்களுக்கும் அந்நிலை வரலாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. லயம் அடிமை வாழ்வின் சின்னம். அது மண்ணோடு மண்ணாகட்டும். அதைப் பேணுவானேன் என்று நம் இளைஞருள்ளேயே பலர் கேட்கின்றனர். பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட காம்பிராவில் மூன்று தலைமுறை முடங்கிக் கிடந்ததை அறிந்தோர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடார். லயத்தில் இனி ஒருவரும் வாழலாகாது என்பதில் நமக்கு இருகருத்தில்லை. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே வாழ்வது நாட்டுக்கே நாணம். ஆயின், சிறை உடைபடவேண்டும் என்பது வேறு. சிறையிருந்தோர் பெயர் அழியவேண்டும் என்பது வேறு. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்திற் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-இல் லயம் ஒன்றையே தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் ஆக்கியது. வாழ்வதற்கு ஒன்றும் வேண்டா. நினைப்பதற்கு ஒன்று வேண்டும் என்னும் நெறி அதிற் புலனாகின்றது.

ஆதலின் படமெடுக்க வரும் இளைஞருக்கு நாம் கூற விரும்புவன சிலவே.

முதலாவதாக, உட்புகுமுன் உரியவரிடம் அனுமதி பெறுக. உளுத்த மரத்தளம் உங்களைத் தாங்கும் என்று நம்பற்க. பாழ்க்கூரையிற் குளவி கூடு கட்டியிருக்கும் என்பதையும் மறவற்க. இரண்டாவதாக, எதனையும் எடுத்துச் செல்லற்க; ஓர் இலக்கத்தகடாயினும் அஃது இருந்த இடத்திலேதான் பேசும். மூன்றாவதாக, பாழ்மனையையும் குடிமனையையும் பகுத்தறிக. பத்துக் காம்பிராவில் இரண்டு இடிந்திருக்க, எஞ்சிய எட்டிலும் அடுப்புப் புகைவது உண்டு. அங்கே உலர்வது பாழின் அடையாளமன்று. ஒரு தாயின் சேலை. அவளைக் கேளாமல் அவள் வாசலைப் படமெடுப்பது திருட்டுக்கு ஒப்பாகும்.

நான்காவதும் தலையாயதும் இது: படத்தோடு பெயரையும் எழுதுக. நம் தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. ஆங்கிலப் பெயர் பெயர்ப்பலகையில் இருக்கும். தமிழ்ப் பெயர் கிழவர் நாவில் இருக்கும். இரண்டையும் எழுதுக. பிரிவின் பெயர், கட்டிய ஆண்டு தெரியின் அவ்வாண்டு, மூடிய ஆண்டு, மூடிய காரணம், சொன்னவர் பெயரை அவர் இசைந்தால் அதுவும், படமெடுத்த நாள் ஆகியவற்றையும் குறித்திடுக. பெரட்டுக்களம் எது, பிள்ளைமடுவம் எது, பீலி எது, மாரியம்மன் கோயில் எது என்று கேளுங்கள். கேட்பதற்கு அரை மணி நேரம் செல்லும். அந்த அரை மணி நேரமே உங்கள் படத்தை ஆவணமாக்கும்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பறம்பின் கையறுநிலையை மனனஞ் செய்து ஒப்பிக்கும் மாணவர், தாம் வாழும் லயம் எப்பொழுது கட்டப்பட்டது என்று கேட்டால் விழிப்பதை நாம் பல்லாண்டு வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். இது மாணவர் குறையன்று. கற்பித்த நம் குறை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் தன் சுற்றுப்புறத்துப் பாழ்மனைகளுக்கு ஓர் ஏடு தொடங்குதல் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் ஆசிரிய மாணவர் இம்முயற்சிக்கு முன்னோடிகளாகலாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் மின்வடிவிற் சேமித்துவரும் நூலக நிறுவனம் போன்றவை இத்தகைய ஏடுகளுக்கு நல்ல இருப்பிடமாகும். லயங்களிற் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அலைந்து திரிந்து தொகுத்தமையால் அவை நமக்கு எஞ்சின. பாடல்களுக்கு அவர் செய்ததைச் சுவர்களுக்குச் செய்வார் இனித்தான் தோன்றவேண்டும்.

தோட்டக் கம்பனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ஸ்டோரின் இரும்பையும் மரத்தையும் விற்பது உங்கள் உரிமையாயிருக்கலாம். விற்குமுன் ஒருநாள் அதன் கதவைத் திறந்துவிடுங்கள். படமெடுக்கவும், அங்கே உழைத்த முதியோர் வந்து சொல்வதை எழுதவும் இடந்தாருங்கள். பழைய செக்றோல் ஏடுகள் கந்தோரின் மூலையிற் கறையானுக்கு இரையாகாமற் காப்பாற்றுங்கள். இதனால் உங்களுக்கு ஆகும் செலவு சிறிது. நாட்டுக்கு ஆகும் பயன் பெரிது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒருகாலத்திற் சிறுபுகையிரதப் பாதை ஒன்று ஓடிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அப்பாதை 1940-களில் மூடப்பட்டது. தண்டவாளமும் போயிற்று. இன்று அதன் தடத்தைக் காட்டித் தரும்படி கேட்டால் விரல் நீட்டுவோர் சிலரே. அப்பாதைக்கு நேர்ந்தது நம் ஸ்டோர்களுக்கும் லயங்களுக்கும் நேர நெடுங்காலம் வேண்டா. மலையில் மழை வலிது, காடு விரைவில் வளரும். படக்கருவியோடு வரும் இளைஞரை நாம் வரவேற்கின்றோம். அவர்தம் பையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருத்தல் வேண்டும் என்பதொன்றே நமது வேண்டுகோள்.